பட்டியலில் பத்தாவது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிஸ்டர். நான் சொல்லப்போவதில் முக்கியமான பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்கிற ஆள் மாதிரி இல்லை. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? பின்னால் மூன்று சீட் காலியாகத்தான் இருந்தது. உங்கள் வெள்ளைச் சேலையையும் மடியில் வேதத்தையும் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். நான் விருதுநகர் வரைக்கும் போகிறேன். நீங்கள்? சாத்தூரா. அப்படியானால் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. போதும்.

என் கேள்வி ஒன்றுதான். எங்கள் அப்பா இரட்சிக்கப்பட்டாரா, இல்லையா. முப்பத்தொன்பது நாளாக எனக்கு வேறு நினைப்பு இல்லை. பால் பண்ணையில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கொழுப்புச் சத்து எத்தனை என்று குறிக்க வேண்டிய இடத்தில் போன வாரம் அப்பா இறந்த தேதியை எழுதி வைத்திருக்கிறேன். மேனேஜர் கூப்பிட்டு, "ஒடம்பு சரியில்லன்னா லீவு போட்டுருமா" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதானே.

அப்பா பேர் வெள்ளைச்சாமி. பட்டாசு ஆலையில் முப்பது வருடம் மருந்து அறையில் வேலை. மருந்து என்றால் வெடிமருந்து. நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எந்தக் காகிதம் என்றாலும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்துவது எல்லாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது வேண்டும்.

கல்லூரி விடுதி ஜெபக்கூட்டத்தில்தான் நான் விசுவாசத்துக்கு வந்தேன். இரண்டாம் வருடம், மார்ச் ஒன்பதாம் தேதி, மாலை ஆறே கால். உங்கள் சபையிலும் தேதி கேட்பார்கள்தானே. ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் எங்கள் சபையில் சரிக்கட்டுதல் என்று ஒன்று உண்டு. செய்த பாவத்தை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, யாருக்குச் செய்தோமோ அவர்களிடமே போய் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொன்றாக டிக் போட்டு பாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். கண்ணீர் விட்டால் மட்டும் மனந்திரும்பியது ஆகாது, கனி வேண்டும், செயலில் காட்ட வேண்டும் என்பார் எங்கள் பாஸ்டர் கிறிஸ்துதாஸ். நான் என்னுடையதைச் சுத்தமாக முடித்தேன். தோழியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியதற்குத் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுக்காம்மா வந்த? மத்த அறுபது பேரும் வந்தா நான் பாடம் நடத்த முடியாதேம்மா" என்றார். டிக்கெட் எடுக்காமல் போன ஒரு பஸ் பயணத்துக்காக டிப்போவுக்கே போனேன். பட்டியலில் பதினான்கு. பதினான்குக்கும் டிக்.

ஆகையால் அப்பாவுக்கு நுரையீரல் இரண்டும் போய்விட்டது, நாள் குறைவு என்று டாக்டர் சொன்னதும் நான் முதலில் யோசித்தது இதைத்தான். அப்பா சபைக்கு வருவார், எனக்காக. கடைசி வரிசையில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பாட்டுக்குக் கை தட்டுவார், தாளம் தப்பாமல். ஆனால் கை உயர்த்தித் தன்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தது கிடையாது. "எனக்கெல்லாம் ரொம்ப சோலி கிடக்கு தாயி" என்பார். என்ன சோலி என்று நான் கேட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தார். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனை எல்லாரும் சொல்கிறார்கள், சிஸ்டர். நான் பார்த்த நாலு பாஸ்டரில் மூன்று பேர் அந்தக் கள்ளனைத்தான் எடுத்தார்கள். அவன் யாரிடமும் போய்ச் சரிக்கட்டவில்லை, ஞானஸ்நானம் எடுக்கவில்லை, ஆனாலும் பரலோகம் போனான் என்று. எனக்கு அது ஆறுதலாக இல்லை. கள்ளனுக்கு நேரம் இல்லை. கையும் காலும் ஆணியில் இருந்தது. எங்கள் அப்பாவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது, பக்கத்தில் படித்த மகள் இருந்தாள்.

அந்த மகள் என்ன செய்தாள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

நாலாவது நாள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுறேன்" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ராசம்மாள் வீட்டுக் கோழியைப் பிடித்துச் சமைத்தது. பால் மாடு வைத்திருந்தபோது பாலில் தண்ணீர் ஊற்றியது. அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் குடித்தது. அம்மாவை அடித்தது. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேலே மின்விசிறியைப் பார்த்தார். நான் நல்ல தமிழில் எழுதிக்கொண்டே போனேன். "என் மனைவியைக் கை நீட்டி அடித்து வேதனைப்படுத்தினேன்." இப்படி.

பக்கத்துக் கட்டிலில்தான் அந்த டிரைவர் இருந்தார். மைதீன் பிச்சை என்று பேர், மேலப்பாளையத்துக்காரர். நெஞ்சில் நீர் கோர்த்து வந்திருந்தார். அவர் ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தங்கச்சி, பலசரக்குக் கடைக்கி லிஸ்ட் போடுத மாதிரி போடுத. ஒங்க அப்பா பாவத்துக்கும் பில் வருமோ?" என்றார். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி ஐந்து நிமிடம் நிற்கவில்லை. எனக்குக் கோபம். அவர் நம் விசுவாசத்தில் உள்ளவர் இல்லை, அவருக்கு இதன் ஆழம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்பது முடிந்ததும் அப்பா, "இன்னொண்ணு இருக்கு தாயி. பாக்டரியில" என்றார்.

"என்னப்பா?"

"பொய் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"ஆபீசருகிட்ட."

நான் சொன்னேன்: "அப்பா, வேலை செய்ற எடத்துல போர்மேன்கிட்ட, ஆபீசர்கிட்ட எல்லாரும் அப்பப்ப சொல்றதுதான். அதைப் பொதுவா எழுதிக்கிடுவோம்." பத்தாவதாக எழுதினேன். "வேலை செய்த இடத்தில் பொய் பேசினேன்." அப்பா வாயைத் திறந்தார். செவிலியர் நெபுலைசர் வைக்க வந்துவிட்டார். வாயில் அந்த மூடியைப் போட்ட பிறகு எப்படிப் பேசுவார்.

பிறகு நான் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அப்பாவைப் பேச வைத்தேன். ராசம்மாள், "எண்ணே, அந்தக் கோழி என்னமோ எனக்கே மறந்துபோச்சு. நீங்க நல்லாருங்க. ஆனா குருணை போட்டு வளத்த கோழி" என்றாள். டிக். அம்மா இல்லையே, என்ன செய்வது என்று பாஸ்டரைக் கேட்டேன். மகளாக நீ மன்னித்துவிட்டாயானால் போதும் என்றார். மன்னித்தேன். டிக். பத்தாவதைக் காட்டி, இது குறிப்பிட்ட ஆளுக்குச் செய்தது இல்லை, பொதுவானது என்று சொன்னேன். "அப்போ கர்த்தரிடம் மட்டும் அறிக்கை பண்ணினா போதும்மா" என்றார். அதற்கும் டிக்.

பட்டியல் முடிந்துவிட்டது, சிஸ்டர். என் கையெழுத்து அழகாக இருக்கும். அப்பா கீழே கையெழுத்துப் போட்டார், பேரில் வெள்ளை வரைக்கும்தான் தெளிவாக இருந்தது.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, இது எனக்குச் சரியாக நினைவில்லை, அப்பா கேட்டார்: "நீ படிச்ச பள்ளிக்கூடம் எப்படிக் கெடைச்சதுன்னு தெரியுமா தாயி?" தெரியும் என்றேன். எங்கள் ஆலை முதலாளி குடும்பம் நடத்தும் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கட்டணம் இல்லாமல் என்னை அங்கே படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு புது வருடத்துக்கும் முதலாளிக்கு நான் நன்றிக் கடிதம் எழுதுவேன். அப்பாவிடம் அதையெல்லாம் சொன்னேன். "உங்க உழைப்பைப் பாத்துத்தாம்ப்பா குடுத்தாங்க" என்றேன். அவர் மனம் குளிரட்டும் என்றுதான் சொன்னேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்னொரு முறை, "என்னைக் காளிராசு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார். காளிராசு என்பவர் அப்பாவோடு மருந்து அறையில் வேலை பார்த்தவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அந்த அறை வெடித்துச் செத்தார். அவரோடு இன்னும் மூன்று பேர். பீடி குடித்ததால் வந்த வினை என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கூட அவர் மகனைப் பார்த்து, "பீடிக்காரன் மவன்" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவி சீனியம்மாள் பிறகு சாத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். அப்பா பழைய சிநேகிதர் வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். "ஆக்சிஜன் எடுத்தா தாங்க மாட்டீங்கப்பா. மொதல்ல ஞானஸ்நானம் முடியட்டும். பிறகு பாப்போம்" என்றேன்.

மூன்று முறை. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். மூன்று முறை சொல்ல வந்திருக்கிறார்.

தண்ணீர் வேண்டுமா, சிஸ்டர்? எனக்குத்தான் வேண்டும். இருங்கள்.

ஞானஸ்நானம்தான் பெரிய பாடாக இருந்தது. தெளிப்பதை எங்கள் சபை ஒத்துக்கொள்ளாது, முழுக்குத்தான். மூக்கில் குழாயோடு இருக்கிற மனிதரை எப்படி முழுக்குவது. வார்டில் தண்ணீர்த் தொட்டி வைக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். கடைசியில், பாஸ்டர் வீட்டு முற்றத்தில் ஒரு கறுப்புத் தொட்டியைப் பாதி அறுத்து, வெந்நீர் ஊற்றி, சிறிய ஆக்சிஜன் உருளையோடு ஆம்புலன்சில் கொண்டுபோய், மூன்று விநாடி குழாயை எடுத்து முழுக்கிவிட்டு உடனே மாட்டிவிடுவது என்று முடிவானது. டாக்டர் கையெழுத்து, ஆம்புலன்ஸ், உருளை, தொட்டி அறுக்க ஆள். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நான் நாயாக அலைந்தேன். இரண்டு நாளும் காலை எட்டு மணிக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் வார்டுக்குத் திரும்பினேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள மைதீன் பிச்சையிடமும் அவர் மனைவியிடமும் சொல்லிவிட்டுப் போனேன்.

வியாழன் மாலை நான் வந்தபோது அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மைதீன் பிச்சையின் மனைவி ஊட்டிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார். பத்து நாளில் அதுதான் முதல் தடவை. நான் மூச்சு விடாமல் சொன்னேன், அப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாம் ரெடி என்று. அவர், "அதெல்லாம் பாத்துக்கிடலாம், தாயி. நீ மொதல்ல சாப்பிடு" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு அலைந்திருக்கிறேன், இவருக்கு அக்கறையே இல்லையே என்று. வார்டு என்றும் பார்க்காமல், "அப்பா, உங்களுக்கு நரகத்தப் பத்திப் பயமே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். எட்டுக் கட்டிலும் என்னைப் பார்த்தது.

அப்பா, "இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மீதியைச் சொல்ல மூச்சு இல்லை என்று நினைத்தேன். அப்போது அவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது, உண்மை. இட்லியைப் பார்த்தும் அந்த முகத்தைப் பார்த்தும், ஆள் இரட்சிப்பில் அலட்சியமாகிவிட்டார், மனம் கடினப்பட்டுவிட்டது என்றுதான் நான் அன்றைக்கு ஜெபக்குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். "அப்பாவின் மனம் உடைய ஜெபியுங்கள்." இருபத்தேழு பேர் ஆமென் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இறந்துவிட்டார். தொட்டிக்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

சபைக் கல்லறை முழுக்கு எடுத்தவர்களுக்குத்தான். பொது மயானத்தில் அடக்கம் செய்தோம். பாஸ்டர் வந்து ஜெபித்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் இரட்சிக்கப்பட்டவர் இளைப்பாறப் போனார் என்று சொல்வாரே, அதைச் சொல்லவில்லை. "தேவன் ஒருவரே அறிவார்" என்றார். நான் அந்த இடத்தில் நின்றுகொண்டு அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், சிஸ்டர். மண் போட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

கேட்டது என்று சொன்னேனே, அதை அப்பா இறந்த அன்று காலையிலேயே கேட்டேன். அப்பாவின் சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். மைதீன் பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மனசத் தேத்திக்க, தங்கச்சி. நல்ல நேரத்துல அந்தம்மாகிட்ட பேசிட்டாரு."

"எந்தம்மா?"

"அந்தச் செத்துப்போன ஆளு சம்சாரம். சீனியம்மா. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். புதன்கிழமை நான் போன பிறகு அப்பா அவரிடம் பேசியிருக்கிறார். விட்டு விட்டு, மத்தியானம் வரைக்கும். மருந்து அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி. அன்றைக்குத் தீபாவளி ஆர்டர் என்று ஒன்பது பேரை உள்ளே விட்டிருந்தார்கள். நெருக்கடியில் இரும்புத் தட்டு ஒன்று உரசியது. அப்பா வாசலில் இருந்ததால் வெளியே விழுந்தார். மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முன்னால் முதலாளியின் ஆள் வந்தார். செத்தவன் செத்துவிட்டான், ஆலையை மூடினால் இருநூறு குடும்பம் தெருவுக்கு வரும், உனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார். காளிராசு வாயில் பீடி இருந்ததைப் பார்த்தேன் என்று அப்பா அதிகாரியிடம் சொன்னார். காளிராசுக்குப் பீடிப் பழக்கமே கிடையாதாம். வெற்றிலைதான் போடுவாராம்.

அடுத்த ஜூனில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது.

நான் வேதியியல் படித்தவள். உரசலில் அந்த மருந்து பற்றும் என்று இரண்டாம் வருடப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். பீடி வேண்டியதில்லை. அதையும் இதையும் ஒரு நாளும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

மைதீன் பிச்சை அப்பாவிடம், "இத ஏன்யா எங்கிட்ட சொல்லுதீரு? நான் என்ன பண்ண? அந்தம்மாகிட்ட சொல்லும்" என்றிருக்கிறார். நம்பர் இல்லை. அப்பா சொன்ன பேர்களை வைத்து இவரே நாலு பேருக்குப் போன் போட்டு நம்பர் வாங்கியிருக்கிறார். இவருடைய போனிலிருந்தே போட்டுக் காதில் வைத்திருக்கிறார். அப்பா தன் பேரைச் சொன்னார். "பீடி இல்ல, நான் பொய் சொன்னேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து துண்டித்துவிட்டார்கள். "அதுக்குப் பெறவு ஒங்க அப்பா கண்ணத் தெறக்கல தங்கச்சி, நீ வார வரைக்கும். அழுதுக்கிட்டே கெடந்தாரு. நான் என்னத்தச் சொல்ல? சொன்னீருல்லா, அது போதும்னேன்" என்றார் அவர்.

இதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது என் கேள்வி உங்களுக்குப் புரியும். ஒரு மனிதன் பத்தொன்பது வருடம் சுமந்ததை ஒரு வாக்கியத்தில் சொன்னான். கேட்டவள் மன்னிக்கவில்லை, துண்டித்துவிட்டாள். அது சரிக்கட்டியதாகுமா? இரண்டாவது பாஸ்டரிடம் இதைக் கேட்டேன். மன்னிப்புக் கேட்டதுதான் கனி, கிடைப்பது அவன் கையில் இல்லை என்றார். மூன்றாமவர், மன்னிப்புக் கேட்டேன் என்ற வார்த்தையே அதில் இல்லையே, தகவல்தானே சொல்லியிருக்கிறார் என்றார். அதை நினைத்து நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாலாமவர், "அவிசுவாசி ஒருத்தர் சொன்னதை வச்சு எப்படிம்மா முடிவு பண்றது? அந்தப் போனே போட்டாங்களோ என்னமோ" என்றார்.

என்ன கேட்கிறீர்கள்? சீனியம்மாளைப் போய்ப் பார்த்தேனா என்றா?

இல்லை. போகவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது. மைதீன் பிச்சை அன்றைக்கே கொடுத்துவிட்டார். எப்படிப் போவது, சிஸ்டர்? போய் என்னவென்று சொல்வது? அப்பா தகவலாகச் சொன்னாரா, மனம் வருந்திச் சொன்னாரா என்று எனக்கே தெரியாதபோது நான் போய் என்ன பேசுவது? முதலில் அது தெளிவாக வேண்டும். வேதம் அறிந்தவர்கள் யாராவது தெளிவாகச் சொல்லிவிட்டால், பிறகு போகலாம். காளிராசு மகனுக்கு இப்போது என் வயதுதான் இருக்கும்.

எனக்கா? நான் என்ன சரிக்கட்ட வேண்டும்? நான் சொன்னேனே, பதினான்கு. எல்லாம் முடிந்துவிட்டது, அந்த மார்ச் மாதமே.

ஒன்றை மறைக்கக் கூடாது. அப்பா இறந்ததற்கு முதலாளி வீட்டிலிருந்து மாலை வந்தது, பெரிய மாலை. பத்து நாள் கழித்து நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். அதற்குள் எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். மாலை அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. அப்பா விஷயம் வேறு, மரியாதை வேறு. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. நாலாவது பாஸ்டர் சொன்னது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. அந்தப் போனே போட்டாங்களோ என்னமோ. எதையும் சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் நேற்று லீவு போட்டுவிட்டு மேலப்பாளையம் போனேன். இரவு என் விடுதித் தோழி வீட்டில் தங்கிவிட்டு இன்று திரும்புகிறேன்.

மைதீன் பிச்சை இப்போது நடமாடுகிறார், லாரி ஓட்டக் கூடாது என்றிருக்கிறார்கள். சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பாத்துக்க, தங்கச்சி. எனக்கென்ன, மறைக்கதுக்கு என்ன இருக்கு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ போடச் சொல்ல உள்ளே போனார்.

அழைப்புப் பட்டியலில் விரலால் தள்ளித் தள்ளி நாற்பது நாள் பின்னால் போனேன். அவர் சொன்னது உண்மை. புதன்கிழமை மாலை மூன்று நாற்பத்திரண்டு. சீனியம்மாள் எண். நாற்பத்தெட்டு விநாடி. என் போனில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன்.

அதற்கு மேலே அதே எண் இன்னொரு முறை இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து இருபது. நான் தொட்டி அறுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். மைதீன் பிச்சையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. "அந்நேரம் நான் எக்ஸ்ரேக்குல்லா போயிருந்தேன். எம் பொண்டாட்டியும் கூட வந்தா. போன் ஒங்க அப்பா தலமாட்டுல சார்ஜுல கெடந்துச்சு" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். எக்ஸ்ரே சீட்டில் அதே வியாழன், பத்து ஐந்து என்று நேரம் போட்டிருந்தது.

பதினோரு நிமிடம் இருபது விநாடி பேசியிருக்கிறார்கள். அது அந்தப் போனிலிருந்து போன அழைப்பு இல்லை. உள்ளே வந்தது. சீனியம்மாள் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு மாலைதான் அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார்.